பூமி நகர்கிறது என்று சொன்னபோது நடந்தது என்ன? – கேள்வி பதில்

முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதிய கோப்பர்நிக்கஸ், அதற்காக வாதாடிய கலிலியோ என்று பேச்சு வந்தாலே சிலர் அதை நல்லவன் கெட்டவன் சண்டையாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். வேறு சிலர் மதம் எதையும் தடுக்கவே இல்லை என்று சாதிக்கிறார்கள். இரண்டும் அந்த மனிதர்களுக்குச் செய்கிற அநியாயம் என்பது என் எண்ணம். வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

பிளஸ் டூ மாணவி: சார், திருச்சபைக்குப் பயந்துதான் கோப்பர்நிக்கஸ் சாகும்வரை புத்தகத்தை வெளியிடவில்லை என்று படித்தோம். உண்மையா?

பாதி உண்மைம்மா. பயம் இருந்தது, ஆனால் வேறு பயம். அவரே திருச்சபை ஊழியர்தான். போலந்தின் வடக்கே ஃப்ரோம்போர்க் பேராலயத்தில் பொறுப்பில் இருந்தவர். புத்தகத்தை மூன்றாம் பவுல் போப்பாண்டவருக்கே சமர்ப்பணம் செய்து, "இந்தப் புதுக் கருத்தைக் கேட்டு எல்லோரும் எள்ளி நகையாடுவார்களே என்று தயங்கினேன்" என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். அச்சிடச் சொல்லி ஒரு கர்தினால் 1536-இல் எழுதிய கடிதமும் அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. கையெழுத்துப் பிரதியை அவரிடமிருந்து கேட்டு வாங்கி அச்சுக்குக் கொண்டுபோனவர் ரெட்டிகஸ் என்ற இளைஞர். அவர் லூத்தரன், அதாவது ரோமைவிட்டுப் பிரிந்த லூத்தரின் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். ஐரோப்பா கத்தோலிக்கம், சீர்திருத்தம் என்று இரண்டாகக் கிழிந்துகொண்டிருந்த நேரத்தில் ஒரு கத்தோலிக்கப் பெரியவரும் ஒரு லூத்தரன் இளைஞரும் சேர்ந்து செய்த வேலை அது.

1543-இல் நியூரம்பர்க்கில் அச்சானது. அதே வருடம் மே மாதம் கோப்பர்நிக்கஸ் இறந்தார். அச்சு வேலையைப் பார்த்துக்கொண்ட ஓசியாண்டர் என்ற போதகர், பெயர் போடாமல் முன்னால் ஒரு குறிப்பைச் சேர்த்துவிட்டார். "இந்தக் கருத்து உண்மையாக இருக்க வேண்டியதில்லை, கணக்கு சரியாக வந்தால் போதும்" என்பது அதன் சாரம். ஆசிரியர் சொல்லாததை ஆசிரியர் தலையில் கட்டிய வேலை அது. எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாது. ஆனால் அந்தக் குறிப்பே நூலுக்கு ஒரு குடையாகவும் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். "வெறும் கணக்குதானே" என்று பல வருடம் விட்டுவைத்தார்கள்.

வங்கியில் வேலை பார்ப்பவர்: அப்படி 73 வருடம் விட்டுவைத்தவர்கள் 1616-இல் மட்டும் ஏன் தடை போட்டார்கள்?

இந்த விவகாரத்தின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

முதலில் தொலைநோக்கி. 1610 ஜனவரி 7 இரவு, பதுவா நகரில் கலிலியோ வியாழனைப் பார்க்கிறார். பக்கத்தில் மூன்று சின்னப் புள்ளிகள், ஒரே கோட்டில்: இரண்டு கிழக்கே, ஒன்று மேற்கே. ஏதோ நட்சத்திரங்கள் என்று நினைத்து வரைந்து வைக்கிறார். மறுநாள் பார்த்தால் மூன்றும் மேற்கே! இன்னும் இரண்டு நாள் கழித்து இரண்டுதான் தெரிகின்றன. 13-ஆம் தேதி நான்கு. அவை வியாழனைச் சுற்றுகிற நிலாக்கள். பூமி நகர்ந்தால் நிலாவைப் பின்னால் விட்டுவிட்டுப் போய்விடாதா என்பது அதுவரை பலமாக நின்ற வாதம். வியாழன் நகர்கிறது என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அது தன் நான்கு நிலாக்களையும் கூடவே கூட்டிக்கொண்டுதானே போகிறது?

இந்த அவதானிப்புகளைத் திருச்சபை மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ரோமில் இருந்த இயேசு சபைக் கணித அறிஞர்களே 1611-இல் அவற்றைப் பார்த்து உறுதிசெய்தார்கள்.

சிக்கல் அடுத்த படியில் வந்தது. யோசுவா "சூரியனே, தரித்து நில்" என்று சொன்னதாக வேதாகமத்தில் இருக்கிறதே, அப்படியானால் ஓடியது சூரியன்தானே என்று கேட்டார்கள். கலிலியோ பேசாமல் இருந்திருக்கலாம். அவர் 1613-இல் தன் மாணவர் காஸ்டெல்லிக்கு ஒரு கடிதமும், 1615-இல் கோமகள் கிறிஸ்டினாவுக்கு நீண்ட கடிதம் ஒன்றும் எழுதினார்: இயற்கையைப் பற்றிய வேத வசனங்களைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளக் கூடாது, வானம் எப்படி ஓடுகிறது என்று கற்பிப்பது வேதத்தின் வேலை அல்ல என்று. எனக்கு மிகவும் பிடித்த எழுத்து அது. ஆனால் எழுதியவர் பாதிரியார் இல்லை, இறையியல் படித்தவரும் இல்லை. திருச்சபையின் ஆதிகால அறிஞர்களான தகப்பன்மார் ஒருமித்துச் சொன்ன பொருளுக்கு மாறாக, விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் சார்ந்த விஷயங்களில் யாரும் தன் போக்கில் வேதத்துக்குப் பொருள் சொல்லக் கூடாது என்று திரெந்து நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் 1546-இலேயே விதித்திருந்தது. லூத்தர் அதைச் செய்துதான் பாதி ஐரோப்பா கைவிட்டுப் போயிற்று என்ற புண் ஆறாத காலம். அந்த நேரத்தில் ஒரு கணித வாத்தியார் வேதத்துக்கு விளக்கம் சொல்கிறார் என்றால் அவர்கள் காதில் அது வானியலாக விழவில்லை.

பூமி நகர்வதைவிட, வேதத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை யார் கையில் என்பதே அவர்களுக்குப் பெரிய கேள்வி. கர்தினால் பெல்லார்மின் 1615 ஏப்ரலில் எழுதிய கடிதத்தில் இது வெளிப்படையாகத் தெரிகிறது. பூமி நகர்வது மெய்யாக நிரூபிக்கப்பட்டால் வசனங்களுக்கு மிகுந்த கவனத்தோடு வேறு பொருள் தேட வேண்டியிருக்கும். ஆனால் அப்படி ஒரு நிரூபணம் இருப்பதாக, எனக்குக் காட்டப்படும்வரை நம்பமாட்டேன் என்கிறார். கதவை முழுசாக அடைக்கவில்லை. சாவி மட்டும் தன்னிடம்தான் என்கிறார்.

1616 பிப்ரவரி 24 அன்று 11 இறையியலாளர்கள், சூரியன் நடுவில் அசையாமல் இருக்கிறது என்பது தத்துவத்தில் அபத்தம், வேதத்துக்கு விரோதம் என்று தீர்ப்பு எழுதினார்கள். மார்ச் 5-இல் கோப்பர்நிக்கஸ் நூல் "திருத்தும்வரை" நிறுத்தப்பட்டது.

மென்பொருள் துறையில் இருப்பவர்: ஆதாரம் கண்ணுக்கு முன்னால் இருந்தும் ஏற்காதவர்கள் மூடர்கள்தானே?

இல்லை தம்பி. ஒரு நிமிடம் கட்டைவிரலை மூக்குக்கு நேரே நீட்டி, இடக்கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு வலக்கண்ணை மூடிப் பாருங்கள். விரல் பின்னாலிருக்கும் சுவரை ஒட்டி இடம் மாறும். பூமி சூரியனைச் சுற்றினால் ஆறு மாத இடைவெளியில் நாம் 30 கோடி கிலோமீட்டர் தள்ளி நிற்கிறோம். பக்கத்து நட்சத்திரங்கள் அந்த விரல் மாதிரி இடம் மாற வேண்டும் அல்லவா? வெறுங்கண்ணால் வானத்தை அளந்தவர்களிலேயே ஆகச் சிறந்தவர் டைக்கோ பிராஹி. அவருக்கு அந்த மாற்றம் தெரியவே இல்லை. அதனால் கிரகங்கள் சூரியனைச் சுற்றட்டும், சூரியன் பூமியைச் சுற்றட்டும் என்று ஒரு நடுவழி அமைப்பைச் சொன்னார். கலிலியோ கண்ட வெள்ளி கிரகத்தின் பிறைகள், அது சூரியனைச் சுற்றுவதைக் காட்டி, எல்லாமே பூமியைச் சுற்றுவதாகச் சொன்ன தாலமியின் பழைய அமைப்பை வீழ்த்தின, வாஸ்தவம். டைக்கோவின் அமைப்பை அவை அசைக்கவில்லை.

அந்த இடமாற்றத்தைக் கடைசியில் அளந்து காட்டியவர் பெசல், 1838-இல். ஒரு பாகையை 3600 கூறு போட்டால், அதில் ஒரு கூறின் மூன்றில் ஒரு பங்கு அளவு. கோப்பர்நிக்கஸ் நூல் வந்து 295 வருடம் கழித்து! கலிலியோ தன் பெரிய நிரூபணமாக நம்பியது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்கும் ஓதத்தை, அது தவறு. கெப்ளர் கண்டுபிடித்த நீள்வட்டப் பாதையையும் அவர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. இதனால் அவரை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆதாரம் அரைகுறையாக இருக்கும் காலத்தில் சரியான பக்கம் சாய்வது எவ்வளவு கடினம் என்று இன்னும் மதிப்புதான் கூடுகிறது.

வழக்கறிஞர் ஒருவர்: கலிலியோவைச் சித்திரவதை செய்தார்களா? "இருந்தாலும் அது நகர்கிறது" என்று முணுமுணுத்தாரா?

சித்திரவதை செய்வோம் என்று மிரட்டினார்கள். செய்ததற்குச் சான்று இல்லை. முணுமுணுத்த கதை அவர் இறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் அச்சில் வந்தது.

நடந்தது போதாதா? 1632-இல் அவர் இத்தாலிய மொழியில், சாதாரணமாகப் படிக்கத் தெரிந்தவனும் புரிந்துகொள்கிற மாதிரி, உரையாடல் வடிவில் நூல் எழுதினார். பழைய நண்பரான எட்டாம் உர்பன் போப்பாண்டவருக்குப் பிடித்த வாதத்தை, அதில் வாதத்தில் தோற்றுக்கொண்டே இருக்கும் சிம்ப்ளிசியோ என்ற பாத்திரத்தின் வாயில் வைத்துவிட்டார். 1633 ஜூன் 22, 69 வயதில், திருச்சபையின் விசாரணை மன்றத்தின் முன் முழந்தாளிட்டு, தான் நம்பியதை மறுத்து வாசித்தார். தண்டனையின் ஒரு பகுதி, மூன்று வருடம் வாரம் ஒருமுறை வேதாகமத்தில் உள்ள ஏழு மனவருத்தச் சங்கீதங்களை, அதாவது பாவத்துக்கு வருந்தும் பாடல்களைச் சொல்வது. கன்னியர் மடத்தில் இருந்த மகள் மரியா செலஸ்தே, அப்பாவுக்குப் பதிலாக அதை நான் சொல்கிறேன் என்று ஏற்றுக்கொண்டாள். அடுத்த வருடமே அவள் இறந்துபோனாள். வீட்டுக்காவலில் கண்பார்வையும் போன நிலையில் 1638-இல் அவருடைய இயக்கவியல் நூல் ஹாலந்தில் வெளியானது.

ஒரு வாசகர்: புரூனோவை எரித்தது இதே காரணத்துக்காகத்தானே?

புரூனோ என்ற தத்துவ அறிஞரை 1600 பிப்ரவரி 17-இல் ரோமில் எரித்தார்கள். அவர்மேல் இருந்த குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை திரித்துவம், கிறிஸ்துவின் தெய்வீகம் போன்ற இறையியல் விஷயங்கள். எண்ணற்ற உலகங்கள் உண்டு என்றதும் ஒன்று. காரணம் எதுவானாலும் கருத்துக்காக ஒரு மனிதனை எரித்தது எரித்ததுதான்.

ஓய்வு பெற்ற தபால் ஊழியர்: ஐயா, நம் ஆர்யபட்டர் ஆயிரம் வருடம் முன்பே சொல்லிவிட்டாரே?

பூமி தன்னைத்தானே சுழல்கிறது என்று 499-இல் சொன்னார். படகில் போகிறவனுக்குக் கரை பின்னால் ஓடுவதுபோல, அசையாத நட்சத்திரங்கள் மேற்கே ஓடுவதாகத் தெரிகின்றன என்ற அழகான உவமையோடு. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று அவர் சொல்லவில்லை. இதைச் சேர்த்துச் சொல்வது அவருக்குப் பெருமை ஆகாது.

இங்கேயும் எதிர்ப்பு இருந்தது. அப்படிச் சுழன்றால் கூட்டைவிட்டுப் பறந்த பறவை எப்படித் திரும்பிக் கூடு சேரும் என்று வானியலாளர் வராகமிகிரர் கேட்டார். பிரம்மகுப்தரும் எதிர்த்தார். யாரையும் சிறையில் போடவில்லை. ஆனால் பின்னால் வந்த உரைகாரர்கள் சிலர், ஆர்யபட்டர் அப்படிச் சொல்லவே இல்லை என்கிற மாதிரி பொருள் மாற்றி எழுதினார்கள். ஒரு கருத்தை அடக்க அதுவும் ஒரு வழி.

யாழ்ப்பாணத்திலிருந்து: எங்கட வட்டுக்கோட்டை செமினரியிலும் மிஷனரிமார் வானியலை வைச்சு எங்கட சமயத்தைச் சாடினவை எண்டு சொல்லுவினம். அது எப்படி?

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். அமெரிக்க மிஷன் அந்தச் செமினரியை 1823-இல் தொடங்கியது. சூரியனை நடுவில் வைத்த வானியலைக் கற்பித்து, மேரு மலையும் ஏழு கடலும் பொய் என்று புராண உலகப்படத்தைத் தாக்கினார்கள். ரோமில் அதே கருத்தை அச்சிட முறைப்படி அனுமதி கிடைத்தது 1822-இல்தான். ஒரு மதம் இன்னொரு மதத்தை அடிக்க அதே வானியலைக் கையில் எடுத்தது.

நம் பஞ்சாங்கக்காரர்களும் ஏமாளிகள் இல்லை. 1825-இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணக்கர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்ப்பாடுகளைக் கொண்டு, காகிதமே இல்லாமல் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜான் வாரன் என்பவர் கூடவே இருந்து எழுதி வைத்திருக்கிறார். கிரகணம் பிடிக்கும் நேரத்தில் பிழை 4 நிமிடம் போலத்தான்; விடும் நேரத்தில் முக்கால் மணிக்கு மேல். இதை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கும். ஆனால் இதிலிருந்து ஒன்று தெரிகிறது: பூமியை நடுவில் வைத்தும் கிரகணம் கணிக்கலாம். கணக்கு பலிப்பதும் படம் சரியாக இருப்பதும் வேறு வேறு. ஓசியாண்டர் அந்தக் குறிப்பை எழுத முடிந்ததும் இதனால்தான்.

முதுகலை மாணவர்: டார்வினுக்கும் இதே கதைதானா?

பாதிதான். 1859-இல் பரிணாமம் பற்றிய அவர் நூல் வந்தபோது எதிர்த்த மதகுருமார் உண்டு, வரவேற்றவர்களும் உண்டு. அமெரிக்காவில் அவருக்காக வாதாடிய தாவரவியலாளர் ஆசா கிரே பக்தியுள்ள கிறிஸ்தவர். கடுமையான எதிர்ப்பு அறிவியலிலிருந்தும் வந்தது. பூமிக்கு அவ்வளவு வயதே இல்லை என்று இயற்பியலாளர் கெல்வின் கணக்குப் போட்டுக் காட்டினார். கதிரியக்கம் தெரிந்த பிறகுதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

இதில் என்னைக் கலங்க வைப்பது வேறு. சமூகம் அந்தக் கருத்தைத் தனக்கு வசதியாக வளைத்துக்கொண்டது. "தகுதியானவர்கள்" பிள்ளை பெற்று மனித இனத்தை மேம்படுத்த வேண்டும் என்ற கொள்கைக்கு டார்வினின் உறவினர் கால்டன் 1883-இல் "நல்ல பிறப்பு" என்ற பொருளில் யூஜெனிக்ஸ் என்று பெயரிட்டார். 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே, "தகுதியற்றவர்" என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று தீர்ப்பு சொன்னது. மறுப்பதால் மட்டும் அல்ல, அவசரமாகத் தழுவிக்கொள்வதாலும் மனிதர்கள் நசுங்கியிருக்கிறார்கள்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா: என் மகன் இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்போ சாமி கும்பிடலாமா?" என்று கேட்கிறான். என்ன சொல்ல?

அது அவன் முடிவுக்கு உரியது, நீங்கள் கதையை மட்டும் முழுசாகச் சொல்லுங்கள். கலிலியோ கத்தோலிக்கராகவே இறந்தார். பேரண்டம் விரிகிறது என்று 1927-இல் எழுதிய லெமத்ர் ஒரு பாதிரியார்.

கெப்ளரைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். கிரகங்களின் விதிகளில் கடவுளின் திட்டத்தைத் தேடியவர் அவர். அவருடைய சொந்த லூத்தரன் சபையே அவருக்கு நற்கருணை மறுத்தது. 1615-இல் அவருடைய வயதான அம்மாவைச் சூனியக்காரி என்று ஊரார் குற்றம் சாட்டினார்கள். பின்னால் சங்கிலியில் கட்டிச் சிறையில் வைத்தார்கள். கெப்ளர் தன் வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய், ஒவ்வொரு சாட்சியையும் பிரித்து மேய்ந்து, எழுத்தில் வாதாடி 1621-இல் அம்மாவை மீட்டார். கிரகப் பாதையைக் கணக்கிட்ட அதே பொறுமையை அம்மாவின் வழக்கிலும் காட்டினார். அடுத்த வருடம் அந்த அம்மா இறந்துவிட்டார்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன்: கலிலியோ பார்த்ததை நான் பார்க்க முடியுமா சார்?

தாராளமாகப் பார்க்கலாம் கண்ணா. 10×50 பைனாகுலர் போதும். கை ஆடினால் எதுவும் தெரியாது. முழங்கைகளை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொள். வியாழன் சின்ன வட்டமாகத் தெரியும், இரண்டு பக்கமும் ஊசிமுனை மாதிரி புள்ளிகள். ஒரு நோட்டில் வட்டம் போட்டு, புள்ளிகளை எந்தப் பக்கம் பார்த்தாயோ அந்தப் பக்கம் வை. தேதியும் மணியும் எழுது. மறுநாளும் அதே நேரத்துக்குப் போ. மூன்றாம் நாள் மேகம் வந்தாலும் நோட்டில் "மேகம்" என்று எழுதி வை. ஒரு வாரம் ஆனதும் படங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, எந்தப் புள்ளி எது என்று நீயே கண்டுபிடித்து எனக்கு எழுது. நான் காத்திருக்கிறேன்.