பாறைக்குள்ள பாகு பதம்

கேள்வி: என் பையன் ஸ்காட்லாந்துல ஸ்கை தீவுக்குப் போயி ஒரு போட்டோ அனுப்பிச்சான் சார். வெளிர் கல்லுக்குள்ள கறுப்பு கறுப்பா உருண்டைங்க. முந்தி அங்க எரிமலை இருந்துச்சாம், ரெண்டு குழம்பு கலந்த இடமாம். கலந்திருந்தா சாம்பல் கலர்ல ஒரே கல்லால்ல ஆகியிருக்கணும்?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: நல்லா மடக்கிட்டீங்கம்மா! அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சறப்ப பதம் பார்க்க ஒரு சொட்டு தண்ணில விடுவீங்கல்ல, அது கரையாம உருண்டு நிக்கும், அதான் மேட்டர். கறுப்பு உருண்டையா ஆகற பாசால்ட் குழம்பு 1,100, 1,200 டிகிரில இளக்கமா ஓடும், வெளிர் கல்லா ஆகற கிரானைட் குழம்பு 700, 800 டிகிரிதான், சிலிக்கா (மணல்ல இருக்கற அதே பொருள்) ஜாஸ்திங்கறதால பசை மாதிரி இழுக்கும். கொதிக்கறது வந்து அதுக்குள்ள பூந்தா மேல்தோல் சட்டுனு இறுகிடும், அப்பறம் எங்க கலக்கறது. போட்டோவ பெருசு பண்ணி உருண்டையோட ஓரத்த பாருங்க, நடுவைவிட நைசா, இன்னும் கறுப்பா இருக்கும், படிகம் வளர டைமே கிடைக்கல. பொறவு இறுகின உருண்டை விரிசல் விடும், கிரானைட் இன்னும் குழம்பாத்தான இருக்கு, அது விரிசல்ல நுழைஞ்சு வெள்ளை வலை பின்னிடும்.

நீங்க கேட்ட சாம்பல் கல்லும் அதே தீவுல இருக்கு. மார்ஸ்கோங்கற மலைல கிடைக்கறதால மார்ஸ்கோவைட், ஆல்ஃபிரெட் ஹார்க்கர்னு ஒரு பாறை ஆராய்ச்சியாளர் 1904லயே எழுதி வச்சிட்டாரு. சூடான குழம்பு நிறைய வந்து ரெண்டுமே ரொம்ப நேரம் இளகியே இருந்தா கலந்துடும், அவ்ளோதான். இப்படி கலக்கும்னு 1851லயே ஐஸ்லாந்து கல்லுங்கள வச்சு சொன்னவரு பன்சன், ஆமா, லேப்ல பர்னர் இருக்கே அந்த பன்சன்தான்.

எனக்குப் பிடிச்சது என்னன்னா அதே ஸ்கை தீவுல பிராட்ஃபோர்டு ஊர் பக்கத்துல கிடைமட்டமா படுத்திருக்கற ஒரு பாறை, மேலயும் கீழயும் பாசால்ட், நடுவுல வெளிர் கல்லு, சான்ட்விச்சேதான்! இளக்கமான பாசால்ட் முதல்ல ஓடி வழியை சூடாக்கி வச்சுது, பின்னாலயே கெட்டிக் குழம்பு வழுக்கிகினு வந்துடுச்சு, தனியா வந்திருந்தா பாதியிலயே உறைஞ்சிருக்கும்.

நம்ம ஏலகிரியும் பூமிக்குள்ள ஆறின குழம்புதாம்மா, கல்லுக்குப் பேரு சையனைட் (விஷம் இல்ல, பயப்படாதீங்க), வயசு சுமார் 75 கோடி வருஷம். ஸ்கை சுமார் 6 கோடிதான், பேத்தி மாதிரி. உங்க கிச்சன் மேடைக் கல்லுல கறுப்புத் திட்டு இருந்தா ஓரத்த பாருங்க, மூலை மூலையா ஒடைஞ்சிருந்தா கெட்டிக் கல்லாவே உள்ள விழுந்த துண்டு, நெளிநெளியா இருந்தா குழம்பா வந்தது.