'பேமானி' என்றால் கடன்காரனா?

கேள்வி: சென்னைப் பேச்சில் உள்ள 'பேமானி' என்ற வசவு, வெள்ளைக்காரத் துரைமார்கள் கடன்காரர்களைப் பார்த்து 'பே மணி' என்று அதட்டியதிலிருந்து பிறந்தது என்று வாட்ஸ்அப்பில் படித்தேன். உங்களுக்கு அனுப்பியுள்ள என் சிறுகதையில், மதுரையில் கீரை விற்கும் பாட்டி, வாங்கிய கடனைத் திருப்பித் தராத பேரனை அப்படித்தான் திட்டுகிறார். பொருத்தம்தானே? (வாசகர், விழுப்புரம்)

பதில்: சொல்லுக்கு நீங்கள் தந்த பிறப்பும் பொருந்தவில்லை, பாட்டிக்கு நீங்கள் தந்த வசவும் பொருந்தவில்லை.

'பே மணி' என்ற விளக்கம் இச்சொல்லை எழுத்தில் மட்டும் கண்டவருக்குத்தான் தோன்றும். ஒருமுறையேனும் காதால் கேட்டவருக்குத் தோன்றாது. சென்னைக்காரர் இதன் முதலெழுத்தை 'பம்பரம்' என்பதன் முதல் ஒலியாகச் சொல்வதில்லை, 'பஜார்' என்பதன் முதல் ஒலியாகவே அழுத்திச் சொல்கிறார். நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால்தான் அந்த வாட்ஸ்அப் அறிஞர் பிழைத்தார். மேலும், ஆங்கில 'மணி' நம்மிடம் வந்தபோதெல்லாம் குறிலாகவே நின்றது. மணியார்டர் என்று சொன்ன தமிழர் எவரும் மானியார்டர் என்று சொல்லக் கேட்டதில்லை.

இது உருது வழியாக வந்த சொல். 'பே' என்பது பாரசீகத்தில் இன்மையைக் குறிக்கும் முன்னொட்டு. 'ஈமான்' என்பது நம்பிக்கை, விசுவாசம் என்று பொருள்படும் அரபுச் சொல், தமிழ் முஸ்லிம்கள் அன்றாடம் வழங்குவது. ஈமான் இல்லாதவன் 'பேஈமான்', அதாவது நாணயமற்றவன், நம்பிக்கைத் துரோகி. சலித்துப்போனவர் சொல்லும் 'பேஜார்' என்பதிலும் இருப்பது இதே 'பே'தான். ஆர்க்காட்டு நவாபுக்காக 1768இல் சேப்பாக்கத்தில் அரண்மனை எழும்பி, திருவல்லிக்கேணியைச் சுற்றி உருது பேசுவோர் பெருகிய நகரத்தில், இத்தகைய சொற்கள் தெருவில் இறங்கியதில் வியப்பில்லை. ஜாமீன், வசூல், பாக்கி ஆகியவையும் பாரசீக, அரபு மூலத்தவைதான். அவை அரசுக் கச்சேரிக்குள் நுழைந்து மரியாதை பெற்றன, இது ரிக்‌ஷா ஸ்டாண்டில் தங்கிவிட்டது.

எனக்குச் சுவையாகப் படுவது கடைசியில் உள்ள 'இ'. உருதில் ஆள் 'பேஈமான்', அவனுடைய குணம் 'பேஈமானி'. சென்னைக்காரரோ குணத்தின் பெயரை எடுத்து ஆளின் தலையில் வைத்துவிட்டார். இதைப் பிழை என்று சொல்லாதீர்கள். 'தரித்திரமே', 'பீடையே' என்று திட்டுகிற தமிழின் பழக்கமே இது. இதன் கூட்டாளியான 'கஸ்மாலம்' கூட அப்படித்தான்: கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ச்சுனனின் மனச்சோர்வைக் 'கச்மலம்' என்கிறான், அந்த வடசொல்லுக்கு அழுக்கு என்ற பொருளும் உண்டு, சென்னையிலோ அழுக்குப் பிடித்த ஆளே கஸ்மாலம்.

வழக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது பெரும்பாலும் முகத்துக்கு நேரே விளித்துச் சொல்லும் வசவு. "டேய் பேமானி, நேத்து வர்றேன்னு சொல்லிட்டு எங்கடா பூட்டே?" என்று நண்பனைக் கேட்கையில் அதில் பாதி பாசம், அதையே முன்பின் தெரியாதவரிடம் சொன்னால் கை கலந்துவிடும். கடனுக்கும் இதற்கும் தனி உறவு ஏதுமில்லை, சொன்ன சொல் தவறிய எவரும் பேமானிதான். இப்போது வடசென்னையின் இளைஞர்களிடமே இது அருகி, வயதானவர் வாயிலும் பழைய படங்களின் நகைச்சுவைக் காட்சிகளிலுமே மிகுதியாகக் கேட்கிறது.

ஆகவே, உங்கள் பாட்டியை மதுரையிலேயே இருத்துவதானால் அவர் பேரனைக் 'கட்டையில போறவனே' என்று திட்டட்டும். 'பேமானி' இல்லாமல் கதை நடக்காது என்று நீங்கள் கருதினால், கீரைக்கூடையோடு அவரைச் சிந்தாதிரிப்பேட்டைக்குக் குடிமாற்றி, அவர் பேசும் மற்ற வாக்கியங்களையும் அதற்கேற்பத் திருத்தி அனுப்புங்கள், மறுபடியும் படிக்கிறேன்.