உள்ள இருக்கவனுக்கு எதுக்கு வக்கீல்?

வணக்கம்ணே,
ஜெயில்ல ஜாதி பாக்கக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னத பத்தி நீங்க எழுதினத படிச்சேன். தப்பு பண்ணிட்டு உள்ள போனவனுக்காக பெரிய பெரிய வக்கீலுங்க இவ்ளோ மெனக்கெடணுமா? அடிபட்டவன் கோர்ட் வாசல்ல நிக்கிறானே, அவனுக்கு யாரு இருக்கா? புரியாமதான் கேக்குறேன்.
- ஒரு வாசகர், உசிலம்பட்டி

தம்பிக்கு வணக்கம்.

அடிபட்டவனுக்கும் வக்கீல் வேணும், அதுல மாத்துக்கருத்தே இல்ல. ஆனா "தப்பு பண்ணிட்டு உள்ள போனவன்"னு எழுதிட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்கு ஒட்டல. 2022 கணக்குப்படி நாடு முழுக்க ஜெயில்ல இருந்த 5,73,220 பேர்ல 4,34,302 பேர் விசாரணைக் கைதிங்க, அதாவது நாலுல மூணு பேருக்கு கேஸே இன்னும் முடியல. இலவச சட்ட உதவியில மனு பாக்க போற வக்கீல் ஒருத்தர் எனக்கு பழக்கம், அவர் சொன்னாரு, குறவர் வீட்டு பையன் ஒருத்தன் ஜாமீன் கெடச்சும் வெளிய வர முடியாம கெடந்தானாம், ரெண்டு ஜாமீன்தாரர் வீட்டு வரி ரசீதோட வரணும், அவங்க தெருவுல யாருக்குமே சொந்த வீடு கெடையாது. அவங்கம்மா ஒரு மஞ்சப்பையில ரேஷன் கார்ட மட்டும் வச்சுகிட்டு கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் நடந்திருக்கு.

சரி, தண்டனை கெடச்சவனாவே இருக்கட்டும். நீதிபதி ரெண்டு வருஷம்னு எழுதுறாரு, அதுல ஜாதி எங்க வருது? உள்ள போனதும் ரிஜிஸ்டர்ல ஜாதிக்கு ஒரு கட்டம் இருந்துச்சு. உ.பி. ஜெயில் விதியில, சாதாரண தண்டனைக் கைதிக்கு (கடுங்காவல் இல்லாதவனுக்கு) கேவலமான வேலை குடுக்கக்கூடாது, ஆனா அந்த வேலை செஞ்சு பழகின வகுப்புன்னா குடுக்கலாம்னு இருந்துச்சு. அப்ப அவன கக்கூஸ் கழுவ சொல்லி தீர்ப்பு எழுதினது யாரு? நம்ம பாளையங்கோட்டை ஜெயில்ல ஜாதிவாரியா பிரிச்சு வச்சிருந்ததும் இந்த வழக்குல வந்துச்சு, சண்டை வராம இருக்கத்தான்ற சமாதானத்த கோர்ட் ஏத்துக்கல. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா போட்ட வழக்கு, வக்கீலுங்க முரளிதரும் திஷா வாடேகரும் வாதாடினாங்க, 2024 அக்டோபர் 3 அன்னிக்கு தீர்ப்பு, ஜாதிக் கட்டத்தையே எடுக்க சொல்லிட்டாங்க.

எனக்கு ரொம்ப வலிச்சது மேற்கு வங்க விதி. நாடோடிக் கூட்டத்து ஆளுங்களுக்கு இயல்பாவே தப்பிச்சு ஓடுற புத்தி இருக்கும், அதனால மத்த கைதிங்கள மேற்பார்வை பாக்க அவங்கள போடாதன்னு. பொறப்புலயே திருடன்னு முடிவு கட்டுன இந்த எழுத்து எங்கருந்து வந்துச்சுன்னு உங்க ஊர்க்காரங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல. 1871ல வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், சில ஜாதிகள மொத்தமா குற்றவாளின்னு பதிஞ்சு கைரேகை எடுத்த சட்டம், உங்க பக்கம் ரேகைச் சட்டம்னு சொல்வாங்க. 1920 ஏப்ரல் 3, உங்க ஊர் பக்கத்து பெருங்காமநல்லூர்ல ரேகை வைக்க மாட்டோம்னு நின்னவங்கள போலீஸ் சுட்டுத் தள்ளுச்சு. 1952ல சட்டம் போயிருச்சு, ஜெயில் விதிப் புத்தகத்துல அந்த புத்தி 2024 வரைக்கும் ஒக்காந்திருந்துச்சு, அத ஒவ்வொரு வரியா தோண்டி எடுத்து கோர்ட் முன்னாடி வச்சது இந்த வக்கீலுங்கதான் தம்பி. சீர்மரபினர், அதாவது அந்த சட்டத்துல முன்னாடி குற்றப் பரம்பரைன்னு முத்திரை குத்துன ஜனங்கன்ற ஒரே காரணத்துக்காக இஷ்டத்துக்கு கைது பண்ணக்கூடாதுன்னு போலீசுக்கும் அதே தீர்ப்புல சொல்லியிருக்கு.

உங்க வீட்டு பெரியவங்க ரேகை வச்ச கதை ஏதாச்சும் சொல்லியிருந்தா எழுதி அனுப்புங்க, அப்படியே இங்க போடுறேன்.