ஏழு இரவுக்கு ஏழு வருஷத் தவணை

கேள்வி: கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. பிடித்தம் போக இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது மாதம் 1.40 லட்சம். வீட்டுக் கடன் தவணை 38,000, பர்சனல் லோன் தவணை 13,600, எஸ்ஐபி (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவது) 15,000. மார்ச்சில் 2 லட்சம் போனஸ் வரும். மகள் மூன்றாம் வகுப்பு. வருகிற ஆகஸ்டில் எங்களுக்குப் பத்தாவது கல்யாண நாள். ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் மச்சான் (மனைவியின் அண்ணன்) ஸ்பெயினின் மயோர்கா தீவில், கூட்டமில்லாத வடமேற்குப் பக்கம், ஐந்து நட்சத்திர ஓட்டலில் ஏழு இரவு புக் செய்துவிட்டார். எங்களுக்கும் சேர்த்தே ரூம் போட்டிருக்கிறார். எங்கள் பங்கு 9 லட்சம் ஆகும். போனஸ் போக 7 லட்சத்தை லோனில் டாப்-அப் (பழைய கடனோடு சேர்த்துக் கூடுதல் கடன்) செய்து தருகிறோம், தவணை 11,500தான் கூடும் என்று வங்கியிலிருந்து தினமும் போன். கடன் வட்டி 13 சதவீதம், ஃபண்ட் 15 சதவீதம் தருகிறது, எஸ்ஐபியைத் தொடாமல் டாப்-அப் வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்கிறார் நண்பர். லோன் ஸ்டேட்மென்ட் இணைத்திருக்கிறேன். டாப்-அப் வாங்கலாமா, எஸ்ஐபியை உடைக்கலாமா? ராத்திரி தூக்கம் வரவில்லை.

- ஒரு வாசகர், கோவை

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் இதோடு நிறுத்தினால் நீங்கள் டாப்-அப் வாங்கிவிடுவீர்கள் என்று உங்கள் ஸ்டேட்மென்ட் சொல்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

அவசர நிதி, டேர்ம் பாலிசி பற்றியெல்லாம் இங்கே பாடம் எடுக்கப்போவதில்லை. எஸ்ஐபியை விடாமல் போடுகிற ஆளுக்கு அதெல்லாம் தெரியும். நீங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்டது ஒன்று ஸ்டேட்மென்ட்டில் இருக்கிறது. அதைப் பார்ப்போம்.

மூன்று வருஷத்துக்கு முன் வீட்டு இன்டீரியர் வேலைக்கு 5 லட்சம் வாங்கினீர்கள். நான்கு வருஷக் கடன், தவணை சுமார் 13,400. ஒரு வருஷம் கட்டியதும் பாக்கி 3.98 லட்சத்துக்கு இறங்கியது. அப்போது பாலி போக 2 லட்சம் டாப்-அப். கணக்கு 5.98 லட்சமாகி, தவணைக் காலம் மறுபடி ஐந்து வருஷம். தவணை 13,600. இன்னொரு வருஷம் போனதும் பாக்கி 5.07 லட்சம். சிங்கப்பூர், மலேசியாவுக்கு 2.40 லட்சம் டாப்-அப். 7.47 லட்சம், இந்த முறை ஏழு வருஷம். தவணை அதே 13,600.

தவணை அசையவே இல்லை, கவனித்தீர்களா? அதனால்தான் உங்களுக்கு வலிக்கவும் இல்லை. மூன்று வருஷத்தில் கிட்டத்தட்ட 4.87 லட்சம் கட்டியிருக்கிறீர்கள். அதில் வட்டி மட்டும் 2.24 லட்சம். இன்றைய பாக்கி 6.77 லட்சம். முதல் நாள் வாங்கிய கடனைவிட இன்று பாக்கிதான் அதிகம். நான்கு வருஷக் கடனில் மூன்று வருஷம் கட்டியாகிவிட்டது, இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது.

உங்களைக் கெடுப்பது மயோர்கா இல்லை, பாலியும் இல்லை. கடனின் விலையைத் தவணையை வைத்துப் பார்க்கிறீர்கள். "மாசம் எவ்வளவு கூடும்?" என்று கேட்கிறீர்கள், "எப்போது முடியும்?" என்று கேட்பதில்லை. வங்கிக்காரர் முதல் கேள்விக்கு மட்டும் பதில் வைத்திருப்பார். அதில் அவர் பொய் சொல்வதில்லை.

இப்போது சொல்கிற 11,500க்கு வருவோம். 7 லட்சத்துக்கு ஏழு வருஷத்தில் தனியாகக் கணக்குப் போட்டால் தவணை 12,700க்கு மேல் வர வேண்டும். எப்படிக் குறைந்தது? பழைய பாக்கி 6.77 லட்சத்தை ஆறு வருஷத்திலிருந்து மறுபடி ஏழு வருஷத்துக்கு இழுக்கிறார்கள். அங்கே 1,300 ரூபாய் குறைகிறது. மொத்தம் 13.77 லட்சம், மாதம் 25,000 சொச்சம், 84 மாதம். மயோர்காவின் 7 லட்சத்துக்கு மட்டும் நீங்கள் திருப்பிக் கட்டப்போவது 10.70 லட்சம். பிராசஸிங் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் தனி.

ஏழு இரவுக்கு 84 தவணை. ஓர் இரவு தூங்கியதற்கு ஒரு வருஷம் கட்ட வேண்டும். இன்று மூன்றாம் வகுப்பில் இருக்கும் உங்கள் மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதும்போதும் அந்த ஓட்டல் படுக்கைக்குத் தவணை போய்க்கொண்டிருக்கும். அதுவும் இடையில் வேறு டாப்-அப் வாங்காமல் இருந்தால்!

நண்பரின் 13, 15 கணக்கு. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், மன்னியுங்கள். கடன்காரனுக்கு நீங்கள் தர வேண்டிய 13 சதவீதம் எழுதி வைத்த 13. மார்க்கெட் விழுந்தாலும் ஐந்தாம் தேதி அக்கவுண்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஃபண்டின் 15 சதவீதம் கடந்த காலத்தில் வந்த சராசரி. அதை யாரும் எழுதித் தரவில்லை, விற்கும்போது வரியும் உண்டு. கணக்குப்படி பார்த்தால் எஸ்ஐபியை நிறுத்திக் கடனை அடைப்பதுதான் சரி. நான் அதையும் சொல்லப்போவதில்லை. நிறுத்தினால் அந்தப் பணம் கடனுக்குப் போகும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. எஸ்ஐபி அது பாட்டுக்கு ஓடட்டும்.

இனி மயோர்கா. அந்தத் தீவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆகஸ்டில் வேண்டாம் என்பேன். ஜெர்மனிக்காரர்கள் அதைத் தங்கள் பதினேழாவது மாநிலம் என்று கேலியாகச் சொல்லிக்கொள்வார்கள். அவ்வளவு கூட்டம் அங்கிருந்து வருகிறது. மகலூஃப் பக்கம் பிரிட்டிஷ் இளைஞர்களின் குடியும் கூத்தும், அரினால் பக்கம் ஜெர்மன் இளைஞர்களின் கூத்து. மச்சான் தேர்ந்தெடுத்திருப்பது இரண்டுக்கும் எட்டாத திராமுந்தானா மலைப் பக்கம். ரசனையில் குறை சொல்ல முடியாது. 2011-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மலைத்தொடர். படிப்படியாகக் கல்கட்டி வைத்த ஆலிவ் தோட்டங்கள், கீழே நேராகக் கடல். ஆனால் அந்த அமைதிப் பக்கத்துக்கும் ஆகஸ்டில் கார்கள் வரிசை கட்டும். வடக்கு முனை ஃபோர்மென்டோர் கலங்கரை விளக்கத்துக்குக் கோடையில் பகல் நேரத்தில் சொந்தக் காரையோ வாடகைக் காரையோ விடுவதில்லை, பஸ்தான். 2024 ஜூலையில் உள்ளூர் மக்களே ஆயிரக்கணக்கில் தலைநகர் பால்மாவின் வீதியில் இறங்கி, சுற்றுலாவைக் குறையுங்கள் என்று ஊர்வலம் போனார்கள்.

மே மாதம் போனால் அதே மலை, நெரிசல் குறையும், அறை வாடகையும் கணிசமாகக் குறைவு. கடல் கொஞ்சம் சில்லிடும், நடக்க அருமையான வெயில். நம் பள்ளிகளுக்கும் மே மாதம் விடுமுறை. கையில் இருக்கிற சௌகரியத்தை விட்டுவிட்டு ஆகஸ்டில் மகளுக்கு லீவு லெட்டர் எழுதப்போகிறீர்கள். அமைதி தேடிப் போகிறவர்கள் சீசனைத் தப்பாகப் பிடிப்பது அந்தத் தீவில் புதிதும் இல்லை. 1838-இல் இசைமேதை ஷோப்பான் உடம்பு தேற வேண்டும் என்று குளிர்காலத்தில் வந்து, வால்டெமோசா மடத்தின் ஈரத்தில் இன்னும் மோசமாகித் திரும்பினார்.

தங்குவதற்கு ஐந்து நட்சத்திரமே வேண்டும் என்றும் இல்லை. பால்மாவிலிருந்து சோயேர் ஊருக்கு 1912 முதல் மரப்பெட்டி ரயில் ஓடுகிறது. அங்கிருந்து துறைமுகத்துக்கு அடுத்த வருஷம் தொடங்கிய டிராம். ஊர்ச் சதுக்கத்தில் காபிக் கடை மேஜைகளுக்கு ஒரு கை தூரத்தில் அந்த டிராம் மணியடித்துக்கொண்டு போகும். மேஜையில் அந்தப் பள்ளத்தாக்கிலேயே விளைந்த ஆரஞ்சு ஜூஸ். உங்கள் மகளுக்கு இன்ஃபினிட்டி பூலைவிட இது நினைவில் நிற்கும் என்று பந்தயம் கட்டுவேன். மலைக்குள் யுக் மடத்திலேயே பயணிகளுக்கு அறை தருகிறார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்க நினைக்கிற அமைதி அங்கே சும்மாவே கிடைக்கும்.

தோராயமாக, யூரோவை 105 ரூபாய் என்று வைத்து, மே மாதக் கணக்கு இது. மூன்று விமான டிக்கெட் 1.95 லட்சம். சோயேரில் குடும்ப விடுதி, இரவுக்கு 150 யூரோ, ஏழு இரவுக்கு 1.10 லட்சம். சாப்பாடு, பஸ், டிராம் 95,000. விசா, இன்ஷூரன்ஸ் 40,000. கைச்செலவு 50,000. ஐந்து லட்சத்துக்குள் அடங்குகிறது. இங்கே எங்கே ஆடம்பரம் என்று கேட்பீர்கள். ஒருநாள் அந்த ஐந்து நட்சத்திர ஓட்டலுக்கே போய் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வாருங்கள், கைச்செலவில் அடங்கும்.

மச்சான் விஷயம். அவர் மேல் தப்பில்லை. அவருக்கு அது இரண்டு மணி நேர விமானம், சம்பளம் யூரோவில். இரவுக்கு 650 யூரோ என்பது அவருக்கு ஒரு செலவு, உங்களுக்கு அது இரண்டு பேர் சம்பளத்தில் பாதி. ஓர் இரவுக்கு! இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நீங்கள் சொன்னால் கௌரவக் குறைச்சல் என்று நினைத்து வங்கியிடம் போகிறீர்கள். உங்கள் மனைவியைப் பேசச் சொல்லுங்கள். அண்ணனிடம் தங்கை, "இந்த வருஷம் கையைக் கடிக்குது அண்ணா, வேறொரு மே மாசம் எல்லாரும் சேர்ந்து போகலாம்" என்று சொல்ல இரண்டு நிமிஷம் போதும். "நீங்க வாங்க, நான் கட்டிக்கறேன், அப்புறமா குடுங்க" என்று அவர் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வங்கிக் கடனாவது 84 மாதத்தில் முடியும்.

இப்போது செய்ய வேண்டியது. மார்ச் போனஸில் 1.50 லட்சத்தை லோனில் கட்டுங்கள். முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா என்று ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பாக்கி 5.27 லட்சம் ஆகும். மாதம் 11,500 கூடினாலும் கட்டிவிடலாம் என்றுதானே டாப்-அப்பை யோசித்தீர்கள். அதே 25,000ஐ இந்தக் கடனுக்கே கட்டினால் 24 மாதத்தில் கணக்கு முடிந்துவிடும். வங்கிக்காரர் காட்டியதும் இதே 25,000தான், அங்கே 84 மாதம். கூடுதலாகக் கட்டுவதை வங்கி தவணையைக் குறைக்கப் பயன்படுத்தாமல் காலத்தைக் குறைக்க வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். இல்லாவிட்டால் பழையபடி வலிக்காத தவணையாக்கிவிடுவார்கள்.

மீதி 50,000த்தில் பத்தாவது கல்யாண நாளுக்கு வால்பாறையோ மூணாறோ போய் வாருங்கள். அடுத்த இரண்டு மார்ச் போனஸ்களையும் எஃப்டியில் போடுங்கள். அதையும் கடனில் போட்டால் இன்னும் சீக்கிரம் முடியும், தெரியும். ஆனால் எதிரே கரை தெரிந்தால்தான் நீங்கள் நீந்துவீர்கள். கடன் முடிந்ததும் அந்த 25,000 ஆர்டிக்குப் போகட்டும். மூன்றாவது வருஷ மே மாதம், அந்த மார்ச் போனஸையும் சேர்த்து மூன்று போனஸ் 6 லட்சம், ஆர்டி 3 லட்சம், கையில் 9 லட்சம் இருக்கும். ஐந்தில் போய்வந்து நான்கை வைத்துக்கொள்வது உங்கள் இஷ்டம். ஒன்பதையும் ஐந்து நட்சத்திர ஓட்டலில் கொட்டினாலும் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், அது உங்கள் காசு.

போகும் நேரத்துக்கு இரண்டொரு விஷயம். ஸ்பெயினுக்கு வேண்டிய ஷெங்கன் விசா 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குள் 45. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா கைக்கு வரும்வரை ரத்து செய்ய முடியாத அறையைப் போடாதீர்கள். வங்கி ஸ்டேட்மென்ட்டில் திடீரென்று 7 லட்சம் வந்து உட்கார்ந்திருந்தால் விசா அதிகாரி அது எங்கிருந்து வந்தது என்று யோசிப்பார், அதுவும் கடனுக்கு எதிரான ஒரு காரணம். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் (பணம் வாங்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். 2020-இல் தொடங்கியதிலிருந்து விகிதத்தை அடிக்கடி மாற்றுகிறார்கள், கட்டும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள். ரிட்டர்ன் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். அங்கே கார்டு தேய்க்கும்போது மெஷின் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோ என்று அழுத்துங்கள். "இப்போது போங்கள், பிறகு கட்டுங்கள்" திட்டம், நோ-காஸ்ட் இஎம்ஐ, 25 வருஷ ஹாலிடே கிளப் மெம்பர்ஷிப் என்று டிராவல் ஏஜென்ட் எதைக் காட்டினாலும், டாப்-அப்பிடம் கேட்க மறந்த கேள்வியைக் கேளுங்கள்: எப்போது முடியும்?

வங்கியின் முன்-ஒப்புதல் போன்களும் மெசேஜ்களும் வராமல் நிறுத்தச் சொல்லி ஒரு மெயில் அனுப்புங்கள். அதற்கும் முன்னால், மச்சான் போட்ட ரூமைக் கட்டணமில்லாமல் ரத்து செய்யக் கடைசித் தேதி எது என்று இன்றைக்கே கேளுங்கள்.