பொறவு என்னாச்சு, மதினி?

அன்புள்ள அக்கா,

நான் ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். கல்லூரி நண்பர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். யார் எந்தப் படம் பார்த்தாலும் அதில் கருத்துச் சொல்ல வேண்டும், ஐந்துக்கு எத்தனை என்று மார்க்கும் போட வேண்டும். போன மாதம் நான் ஒரு படத்துக்கு நாலு போட்டேன். 'முதல் பாதி கொஞ்சம் லேக், இரண்டாம் பாதி எமோஷனலாக கனெக்ட் ஆச்சு, பிஜிஎம் மிரட்டல்' என்று எழுதினேன். மற்ற எல்லோரும் 'கிரிஞ்ச்' என்று ஒன்று, ஒன்றரை போட்டார்கள். 'உனக்கு டேஸ்டே கிடையாது' என்று ஒருவன் ஆரம்பிக்க, பேச்சு முற்றி, பத்து வருட நண்பன் ஒருவன் குழுவைவிட்டே போய்விட்டான். உண்மையில் அந்தப் படத்தில் ஒரு இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது.

என் கேள்விகள் இவை. சினிமா ரசனைக்குப் பொதுவான அளவுகோல் உண்டா? காசு வாங்கிக்கொண்டு சொல்லும் விமர்சனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? படம் வந்து மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று தயாரிப்பாளர்கள் கேட்பது நியாயமா?

க., ஓசூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் நீளமானது, சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். நான் வெட்டிய பகுதியில் இந்த வருடம் நீங்கள் பார்த்த படங்களின் பட்டியல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே மார்க், பக்கத்தில் ஒரு வரிக் கருத்து. அந்தப் பட்டியல்தான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது. கொஞ்ச நாளாகவே எனக்குள் புகைந்துகொண்டிருக்கிற ஒரு எரிச்சல் அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டது.

சுலபமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். காசு வாங்கிச் சொல்லும் விமர்சனத்தைக் கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறீர்கள்? பிடிக்காத ஆளின் பேச்சைக் கேட்காமல் இருப்பதற்கு ஆதாரம் எதுவும் வேண்டாம். மூன்று நாள் தடை கேட்டு 2024 கடைசியில் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனார்கள். நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. டிக்கெட் வாங்கி உள்ளே போய்விட்டு வந்தவனை மூன்று நாள் வாயைப் பொத்திக்கொண்டு இரு என்று யார் சொல்ல முடியும்? ரசனைக்கு அளவுகோல் உண்டா என்பதைப் பற்றி நிறையப் பேர் தடித்தடியாகப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கே தீராதது உங்கள் வாட்ஸப் குழுவில் தீராது. விடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டாவது முறையும் படித்துத் தேடினேன். அத்தனை படங்களில் ஒரு காட்சிகூட அதில் இல்லை. ஒரு முகம் இல்லை, ஒரு வீடு இல்லை, யாரும் யாரிடமும் பேசிய ஒரு வார்த்தை இல்லை. லேக், கனெக்ட், மிரட்டல், டீசன்ட் வாட்ச், ஒன் டைம் வாட்ச். இதை எழுத நீங்கள் படம் பார்த்திருக்கவே வேண்டாமே! போஸ்டரைப் பார்த்துவிட்டே எழுதலாம். சண்டை போட்டுப் போன உங்கள் நண்பரும் பார்க்காமலே 'கிரிஞ்ச்' என்று எழுதியிருக்கலாம். படம் என்று ஒன்று நடுவில் இல்லாமலே நீங்கள் இத்தனை பேர் ஒரு வாரம் சண்டை போட்டிருக்கிறீர்கள்.

சென்னை கோயம்பேடு ரோகிணி தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டுகிறவரிடம் 'செம மாஸ் ப்ரோ, வேற லெவல்' என்று கத்திவிட்டு ஓடும் பையன்மேல்கூட எனக்குக் கோபமில்லை. விடிகாலையில் எழுந்து வந்தவன், சந்தோஷத்தில் கத்துகிறான். உட்கார்ந்து யோசித்து எழுதுகிற நீங்களும் அதே நாலு வார்த்தையைத்தான் எழுதுகிறீர்கள் என்பதுதான் தாங்கவில்லை. போதாததற்கு முதல் நாள் வசூல் எவ்வளவு, எத்தனை ஸ்கிரீன், வெளிநாட்டில் எத்தனை கோடி! பெருநகரமான ஏ சென்டரில் ஓடும், சிறு ஊர்களான பி, சி-யில் படுத்துவிடும் என்பதெல்லாம் ஒரு காலத்தில் சென்னை மீரான் சாகிப் தெருவில் விநியோகஸ்தர்கள் பேசிக்கொண்ட பேச்சு. அவர்கள் பணம் போட்டவர்கள், கவலை இருந்தது, பேசினார்கள். உங்களுக்கு அதில் என்ன பங்கு வருகிறது?

இதில் படித்தவர்கள், படிக்காதவர்கள் என்ற வித்தியாசமும் இல்லை. திரைப்பட விழாவில் வெளிநாட்டுப் படம் பார்த்துவிட்டு வெளியே நிற்கிறவர்களிடம் கேளுங்கள். 'லேயர்டு', 'நுவான்ஸ்டு', 'இதன் அரசியல் சிக்கலானது' என்பார்கள். சரி, சிக்கலானது. அதில் அந்தக் கிழவர் ரயில் ஏறினாரா இல்லையா? அதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

மார்க் போடுவது நீங்கள் கண்டுபிடித்ததில்லை. ஆனந்த விகடன் எத்தனையோ வருடம் போட்டது. 1977-இல் வந்த '16 வயதினிலே'வுக்கு நூற்றுக்கு 62.5 கொடுத்தார்கள் என்பது இன்றைக்கும் டீக்கடையில் தெரியும். அந்த விமர்சனத்தில் என்ன எழுதியிருந்தது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். எண் மட்டும் நிற்கிறது, எழுதியது போய்விட்டது. எண்ணின் குணம் அப்படி.

எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கம். அப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு பீடி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். வயதானவர்கள் இலை வெட்டுவார்கள், குமரிகள் தூள் வைத்துச் சுற்றுவார்கள், என்னைப் போன்ற சிறுசுகளுக்கு வாய் மடக்குகிற வேலை. பெரியப்பா மகனுக்கு வாக்கப்பட்டு வந்த மதினி ஒருத்தி அங்கே இருந்தாள். கை மெதுவு. ஒருநாளும் ஆயிரம் பீடி தேறாது. ஆனால் படம் சொல்வாள்.

சனிக்கிழமை கூலி வாங்கியதும் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் சில்லறை போட்டு அவளை மறுநாள் மேட்னிக்கு அம்பாசமுத்திரம் அனுப்புவார்கள். எல்லோராலும் போக முடியாது. ஒருத்திக்குக் கைக்குழந்தை, ஒருத்தியை மாமியார் விடமாட்டாள், எல்லோருக்குமே காசு கிடையாது. அவள் போய்வருகிற நேரத்துக்கு அவள் பங்குப் பீடியை மற்றவர்கள் பிரித்துச் சுற்றிக் கணக்கை ஒப்பேற்றுவார்கள். திங்கள்கிழமை மத்தியானம் ஆரம்பிப்பாள். எழுத்துப் போடுவதிலிருந்து வரும். யார் வீடு, வாசல் எந்தப் பக்கம், அடுப்பில் என்ன இருந்தது, கதாநாயகி எந்த வாக்கியத்தில் தலையைக் குனிந்தாள், வில்லன் சட்டையில் பொத்தான் இருந்ததா என்பதுவரை வரும். பாட்டு வந்தால் பாடுவாள், சுருதி சேராது. நடுவில் பீடி கட்டும் நூல் அறுந்தால் நிறுத்துவாள். 'பொறவு என்னாச்சு மதினி?' என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்போம். சுபம் போட புதன்கிழமை ஆகிவிடும்.

படம் நல்லாயிருக்கா என்று கேட்டால் அவளுக்குக் கோபம் வரும். "சொல்லுதேம்லா, நீயே தெரிஞ்சிக்கோ" என்பாள். மூன்று நாள் சொல்கிற படத்தில் நல்லது கெட்டது என்ற பேச்சு ஒரு இடத்திலும் வராது.

பல வருடம் கழித்து அவள் சொன்ன படங்களில் ஒன்றை டிவியில் போட்டார்கள். கல்யாண வீட்டுப் பாட்டு ஒன்று. கதாநாயகியும் தோழிகளும் ஆடுகிறார்கள், பின்னால் தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண் நடந்து போகிறாள். கண்ணை இமைத்தால் தவறிவிடும். எழுத்தில் அவள் பெயர்கூட இருந்திருக்காது. மதினி அந்தப் பெண்ணைப் பற்றியே நெடுநேரம் சொல்லியிருந்தாள். "அவ மொகத்தப் பாத்தா காலையிலருந்து பச்சத் தண்ணி குடிக்கல. இவளுவ சந்தனத்தப் பூசிக்கிட்டுச் சிரிச்சிக்கிட்டு நிக்காளுவ" என்று. மதினியே கட்டிச் சொன்னது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தப் பெண் படத்தில் இருந்தாள். அந்த முகமும் அப்படித்தான் இருந்தது.

தம்பி, அந்தப் படத்தைப் பற்றி மதினியின் கருத்து என்ன என்று இனி யாராவது தனியாகக் கேட்க வேண்டுமா? கூலிக்காரி ஒருத்தி படத்தில் எங்கே பார்த்தாள் என்பதிலேயே எல்லாம் இருக்கிறது. மூன்றரை நட்சத்திரம் என்று அவள் சொல்லியிருந்தால் எங்களுக்கு என்ன கிடைத்திருக்கும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். அவள் சொன்னதை மறுத்துச் சண்டை போடவும் முடியும். அதே படத்தைப் பார்த்த இன்னொருத்தி 'அது குடமில்ல, கடவம்' என்று, ஓலைப்பெட்டி என்று, சொல்லலாம். அப்போது இருவரும் மறுபடி படத்துக்குத்தான் போயாக வேண்டும். நாலுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் வருகிற சண்டையில் திரும்பிப் போய்ப் பார்க்க ஒன்றுமே இல்லை. 'உனக்கு டேஸ்ட் இல்லை' என்று ஆளைத்தான் பிடிக்க வேண்டும். உங்கள் நண்பர் வெளியேறியது அதனால்தான்.

உடனே ஒரு பதில் வரும் என்று தெரியும்: ஸ்பாய்லர். கதையைச் சொல்லிவிட்டால் படம் கெட்டுப்போகுமாம். இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது. துரியோதனன் படுகளத்தில் விழப்போகிறான் என்று தெரியாமலா விடிய விடியக் கூத்துப் பார்த்தார்கள்? 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. கேட்டுப் பழகிய பக்தர் கதை. போனவர்களே திரும்பத் திரும்பப் போனார்கள். தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். முக்கால் கதையைச் சொல்லிவிட்டு 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிப்பார்கள். கதையைச் சொன்னால் கூட்டம் வரும் என்றுதான் அந்த வியாபாரிகள் நம்பினார்கள். படம் பார்த்து முடித்தவர்களே பிறகு ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் அதன் வசனமும் பாட்டும் மட்டும் வரும் ஒலிச்சித்திரம் கேட்டார்கள். கோயில் கொடை விழாவில் 'திருவிளையாடல்' வசன ரெக்கார்டைப் போட்டால் தருமி அடுத்து என்ன சொல்வான் என்று ஊரே கூடச் சேர்ந்து சொல்லும். தெரிந்துகொண்டு கேட்பதில் இருந்த ருசி அது.

கொலை செய்தது யார் என்பதில் தொங்கிக்கொண்டிருக்கிற படங்கள் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பெயரை மட்டும் விழுங்கிவிட்டு மற்றதைச் சொல்லுங்கள். ஒரு பெயரை அடக்கி வைப்பதற்காகப் படம் முழுவதையும் அடக்கி வைப்பானேன்? இந்த ஸ்பாய்லர் பயத்தால் பெரிய லாபம் யாருக்கு என்றால், படத்தைச் சரியாகப் பார்க்காதவர்களுக்கு. 'கதையைச் சொல்ல விரும்பவில்லை, தியேட்டரில் பாருங்கள்' என்று தப்பித்துக்கொள்ளலாம். செல்போனை நோண்டிக்கொண்டே பார்த்தது வெளியே தெரியாது.

குடும்பத்தோடு போனால் டிக்கெட், பார்க்கிங், தின்பண்டம் என்று ஆயிரத்துக்கு மேல் போகிறது, அதனால் போகலாமா வேண்டாமா என்று கேட்டுக்கொள்வதில் தப்பில்லை. அதற்கு 'போ', 'போகாதே' போதும். விசாரிப்பு அது. அதைக் கருத்துப் பரிமாற்றம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்களைத் திட்டிக்கொண்டே வந்துவிட்டேன். கடிதத்தில் எனக்குப் பிடித்த ஒரே வரி, ஒரு இடத்தில் கண் கலங்கியது, சொல்லக் கூச்சமாக இருந்தது என்பது. எந்த இடம் தம்பி? அதை எழுதாமல் பிஜிஎம் மிரட்டல் என்று எழுத எப்படி மனசு வந்தது? கூச்சம் எனக்குப் புரிகிறது. 'லேக்' என்று சொன்னால் நாம் படத்துக்கு மேலே உட்கார்ந்துகொள்கிறோம், அழுதேன் என்றால் கீழே இறங்கிவிடுகிறோம். ஆண்பிள்ளைகள் இத்தனை பேர் இருக்கிற குழுவில் அது கஷ்டம்தான். ஆனால் அழுதேன் என்று சொல்ல வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. மதினி ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. குடத்தோடு போனவளைச் சொன்னாள், இலை வெட்டிக்கொண்டிருந்த கிழவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அவ்வளவுதான் நடந்தது.

போன நண்பரைக் கூப்பிட்டு அந்தக் காட்சியைச் சொல்லுங்கள். வாட்ஸப்பில் தட்டாதீர்கள், போனில் சொல்லுங்கள். யார் எங்கே நின்றார்கள், யார் முதலில் பேசினார்கள், அந்த நேரத்தில் வெளிச்சம் எப்படி இருந்தது. 'அது அப்படி இல்லடா' என்று அவர் குறுக்கே பாய்ந்தால் நல்லது, விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதையே எனக்கும் எழுதி அனுப்புங்கள், இங்கே போடுகிறேன். எவ்வளவு நீளமாக இருந்தாலும் வெட்ட மாட்டேன். கடைசியில் மார்க் போட்டிருந்தால் அதை மட்டும் வெட்டுவேன்.

அன்புடன்,
அக்கா