கன்னியர் மடத்தில் சேர்ந்தால் திரும்பி வர முடியாதா?

ஹட்டன் பக்கத்துத் தங்கச்சி கேட்டிருக்கிறார்: ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்துவிட்டு மடத்தில் சேர ஆசை, ஆனால் பிடிக்காவிட்டால் திரும்பலாமா, வீட்டை மறந்துவிட வேண்டுமா என்று.

திரும்பலாம். எடுத்த எடுப்பில் யாரையும் வாழ்நாளுக்குக் கட்டிப்போட மாட்டார்கள். முதலில் சபையோடு தங்கிப் பார்க்கும் காலம், பிறகு நவதுறவு என்ற பயிற்சிக் காலம், அது குறைந்தது 12 மாதம், அப்போது எந்த நாளும் வெளியேறலாம். அப்புறம் குறைந்தது 3 வருடம் தற்காலிக வார்த்தைப்பாடு, அதாவது கடவுளுக்குக் கொடுக்கும் துறவற வாக்குறுதி. வாழ்நாள் முழுதுக்குமான நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும், இது திருச்சபைச் சட்டம்.

வீட்டை யாரும் மறக்கச் சொல்வதில்லை. என் அக்கா ஒரு சபையில் சிஸ்டர். விடுமுறைக்குத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தால் விடியுமுன் எழுந்து, முக்காட்டில் மாவு படாமல் பின்னால் தள்ளிக்கொண்டு ரொட்டி தட்டுவார், உதடு மட்டும் சங்கீத செபம் சொல்லிக்கொண்டிருக்கும். அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகுமுன் ரொட்டி தயாராகிவிடும்.

கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர் ஆசிரியராக வேலை பார்த்தாலும் சம்பளம் சபைக்குத்தான், நினைத்த நேரத்தில் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாது. மூத்த பிள்ளையின் சம்பளத்தை நம்பியிருக்கும் தோட்டத்துக் குடும்பத்துக்கு இது பெரிய விஷயம். எங்கள் வீட்டில் இதைப் பேசாமல் விட்டதால் அப்பா இரண்டு வருடம் அக்காவோடு சரியாகப் பேசவில்லை. விண்ணப்பம் கொடுக்குமுன் அம்மா அப்பாவை உட்காரவைத்து இதைச் சொல்லிவிடுங்கள், தங்கச்சி.