பழகியது காதுக்கு மட்டும்தான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்காகச் சென்னை வந்து இரண்டு வருடம் ஆகிறது. மெயின் ரோட்டை ஒட்டி இரண்டாம் மாடியில் வாடகை வீடு. இரவெல்லாம் பஸ், லாரி, ஹாரன். தூங்காமல் இல்லை, ஆனால் எழும்போதே எரிச்சல், பிள்ளைகள்மேல் பாய்கிறேன். “எல்லாருக்கும் பழகிவிட்டது, உங்களுக்கு மட்டும் என்ன?” என்கிறாள் மனைவி. வீட்டுக்காரர் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டுத் தந்தும் பெரிய மாற்றமில்லை. இது என் மனபலவீனமா?

ர., சென்னை

அன்புள்ள ர.,

பலவீனம் இல்லவே இல்லை. காது பழகினாலும் உடம்பு முழுதாகப் பழகுவதில்லை. தூக்கத்தில் ஹாரன் விழுந்தால் விழிப்பு வராமலே இதயத்துடிப்பு ஏறும், ஆழ்ந்த உறக்கம் மேலோட்டமாகும். பல வருடம் சாலையோரம் குடியிருப்பவர்களிடமும் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். உங்கள் மனைவிக்கும் இது நடந்துகொண்டிருக்கலாம்.

எப்போது வரும் என்று தெரியாத, நம்மால் நிறுத்த முடியாத சத்தம்தான் அதிகம் வாட்டுகிறது. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற உளவியலாளர்கள் 1972-இல் வெளியிட்ட சோதனைகளில், சிலரிடம் சத்தத்தை நிறுத்தும் பொத்தான் ஒன்று இருந்தது. பெரும்பாலோர் அதை அழுத்தவே இல்லை. ஆனாலும் பொத்தான் இல்லாதவர்களைவிட, பிறகு கொடுத்த கடினமான புதிர்களோடு அவர்கள் நெடுநேரம் மல்லுக்கட்டினார்கள். ஆகவே உங்கள் கைக்குள் இருக்கும் படுக்கையறையிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் ஜன்னலின் இடுக்குகள். காற்று நுழையும் வழியெல்லாம் சத்தமும் நுழையும். இடுக்கு இருந்தால் எவ்வளவு கனமான கண்ணாடியும் வீண். ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு ஊதுபத்தியைச் சட்டத்தை ஒட்டி மெல்ல நகர்த்துங்கள். புகை எங்கே வளைகிறதோ அங்கே ஓட்டை. ஸ்லைடிங் ஜன்னலில் இரண்டு கதவும் ஒன்றன்மேல் ஒன்று வரும் நடுப்பகுதி, கீழ்த் தண்டவாளம், சட்டமும் சுவரும் சேரும் கோடு, ஏசி குழாய் போகும் துளை ஆகியவற்றை விடாமல் பாருங்கள். அசையாத இடுக்குகளுக்கு சிலிக்கான் போதும். நகரும் கதவுகளில் இடுக்கை அடைக்க ஓரத்தில் வைத்திருக்கும் பிரஷ் பட்டை தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். ஸ்பாஞ்சு ஒட்டுவது தூசிக்கு உதவும், சத்தத்துக்குப் போதாது. திரைச்சீலையும் அப்படித்தான்.

இரட்டைக் கண்ணாடி ஏன் கைவிட்டது? வழக்கமாகப் போடுவது 5 மி.மீ. கண்ணாடி இரண்டு, நடுவில் 12 மி.மீ. இடைவெளி. அது வெப்பத்தைத் தடுக்க நல்லது. ஆனால் இரண்டும் ஒரே கனம் என்பதால் எந்தச் சுருதி ஒலியைத் தடுக்க ஒன்று தவறுகிறதோ, அதே ஒலியைத் தடுக்க மற்றதும் தவறுகிறது. பஸ் எஞ்சினின் தாழ்ந்த உறுமலுக்கு அந்தச் சின்ன இடைவெளி தடையே இல்லை. சுவர் ஒன்பது அங்குலம் என்றால் உள்பக்கம் இன்னொரு ஜன்னல் வைக்க இடம் இருக்கும். குறைந்தது 100 மி.மீ. இடைவெளி விட்டு, 6.38 மி.மீ. லாமினேட்டட் கண்ணாடியை (இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது), ரப்பர் பீடிங்கில் அழுந்தி மூடும் கதவாகப் போடச் சொல்லுங்கள். வாடகை வீட்டில் இந்தச் செலவு கட்டாது என்றால், படுக்கையைப் பின்பக்க அறைக்கு மாற்றுங்கள். பல வீடுகளில் இதுவே ஜன்னலைவிடப் பெரிய மாற்றம் தரும், காசும் ஆகாது.

எல்லாவற்றையும் அடைத்தால் சென்னை வெக்கையில் அறை புழுங்கும். சாலைப்பக்கத்தை மூடி, பின்பக்க ஜன்னலைத் திறந்து காற்றுக்கு வழி விடுங்கள். ஃபேனின் சீரான இரைச்சல் ஹாரனைக் கொஞ்சம் மழுங்கடிக்கவும் செய்யும். ஜன்னல் வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சத்தத்தைப் போன் ஆப்பில் அளந்து பாருங்கள். அது காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், வித்தியாசத்தை மட்டும் பாருங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல்; வணிகப் பகுதி என்றால் 55. உங்கள் தெரு எந்த வகை என்று முதலில் விசாரியுங்கள். குடியிருப்புப் பகுதியில் அந்த நேரத்தில் அவசரமின்றி ஹாரன் அடிப்பதும் கட்டுமான இயந்திரம் ஓட்டுவதும் தடை. ஓடும் லாரியைப் பிடிப்பது கடினம்தான். ஆனால் பக்கத்து மனையில் நடுராத்திரியில் கான்கிரீட் மிக்சர் ஓடினால், நேரம் தெரியும்படி வீடியோ எடுத்துக்கொண்டு 100-க்கு அழையுங்கள்.

அறையைச் சரிசெய்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் எரிச்சலோ, எதிலும் மனம் ஒட்டாத நிலையோ தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். பேசும்போது தூக்கம் கெட்டதை முதலில் சொல்லுங்கள்.